இரவில் பல் விளக்காத பிள்ளைகள்: வட ஆற்காட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரித்த பிறகும் எங்கள் வாயில் இது வட ஆற்காடுதான். இங்குள்ள பள்ளிகளில் பல் பரிசோதனை முகாம்களுக்குப் போகும்போதும் என் சிறிய கிளினிக்கிலும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியவை இவை. பாற்பல் பற்றிய கேள்விகளைச் சேர்க்கவில்லை, அது தனிக்கதை.

என் மகன் பத்தாம் வகுப்பு. காலையில் அரை நிமிடம் பிரஷ்ஷை வாயில் சுழற்றிவிட்டு ஓடுகிறான். இரவில் பல் விளக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறான். எப்படித்தான் புரியவைப்பது?

புரியவைக்கும் வேலையை முதலில் நிறுத்துங்கள். அவனுக்குப் புரியாமல் இல்லை. சொத்தை ஏன் வருகிறது என்று முகாமில் கேட்டால் உங்களைவிட நன்றாகப் பதில் சொல்வான். தெரிந்தும் செய்யாமல் இருப்பதுதான் அந்த வயது. "நாற்பது வயதில் பல்லெல்லாம் கொட்டிவிடும்" என்பது பதினைந்து வயதுக்காரனுக்கு மிரட்டலே இல்லை. நாற்பது வயது என்பது அவனுடைய நைனாவுக்கு வருவது. தனக்கும் வரும் என்று அவன் இன்னும் நம்பத் தொடங்கவில்லை.

அவனுக்கு உறைப்பது வேறு. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. போட்டோவில் சிரித்தால் பல் மஞ்சளாகத் தெரியக் கூடாது. இதையும் நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். அதைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். இரவில் பல் விளக்குவதை அவன் எப்படியும் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுவதுதான் உங்கள் வேலை.

சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒரு அம்மா செய்ததைச் சொல்கிறேன். மகன் செல்போனைச் சார்ஜில் போடாமல் தூங்கமாட்டான். அந்த அம்மா சார்ஜரைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்துக் கூடத்தில், கைகழுவும் தொட்டிக்கு எதிர்ச்சுவரில் இருந்த பிளக்கில் மாட்டினார். அவன் பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் ஒரு டம்ளரில் போட்டு அங்கேயே அலமாரியில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் பாதி நாள் நடந்தது, பாதி நாள் நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, போனை வைக்கிற கை தானாகவே பிரஷ்ஷைத் தேடுகிறது என்றார். போன் படுக்கைக்கு வராததால் பிள்ளை சீக்கிரம் தூங்கியதைத்தான் அவர் பெரிய லாபமாகச் சொன்னார்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். படுக்கப் போகும்போதுதான் விளக்க வேண்டும் என்று வைத்தால் பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எந்தப் பிள்ளையும் எழுந்து போகாது. ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் விளக்கட்டும். அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகாமல் இருந்தால் போதும்.

பிரஷ், பேஸ்ட் இரண்டையும் அவனே கடையில் போய் எடுத்து வரட்டும். நிறம், சுவை எல்லாம் அவன் இஷ்டம். பெரிய விஷயமில்லை போலத் தோன்றும். ஆனால் தானே வாங்கிய பொருளை உபயோகிக்காமல் விடுவது இந்த வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

நாங்களே இரவில் விளக்குவதில்லை. எங்கள் ஆயா தொண்ணூறு வயதிலும் முறுக்கு கடித்தாரே?

கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். கேட்டவரை நான் பாராட்டுவேன். உண்மையான தடங்கல் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்கள் இரவில் வாய் கொப்பளித்துவிட்டுப் படுக்கும் வீட்டில், பிள்ளையை மட்டும் தொட்டிக்கு அனுப்பினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதலில் போனால், சொல்லாமலே பாதி வேலை முடிந்தது.

ஆயா கதைக்கு வருகிறேன். அவர் காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்தார், மதியம் களி தின்றார், இரவு ஒரு வாய் சோறு. இடையில் வேலை இருந்தது, பிஸ்கட் இல்லை. இனிப்பு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்.

இப்போது உங்கள் மகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஐந்தரை மணிக்கு எழுந்து டீ, அதோடு இரண்டு பிஸ்கட். ஏழரைக்கு இட்லி. இடைவேளையில் பள்ளிக்கூடத்து வாசலில் தேன்மிட்டாய். மதியச் சாப்பாடு. நாலரைக்கு டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு குளிர்பானம். ஏழு மணிக்கு மறுபடி டீ. இரவுச் சாப்பாடு. பொதுத்தேர்வு நேரமென்றால் பதினொரு மணிக்குக் கண்விழிக்க ஒரு பூஸ்ட். எட்டு முறை.

இந்த எண்ணிக்கைதான் பல்லுக்கு எமன். வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். உமிழ்நீர் மெல்ல அந்த அமிலத்தைக் கழுவி, போன சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி ஒட்டவைக்கும். அதற்கு அரைமணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். நாளுக்கு மூன்று முறை சாப்பிட்டால் உமிழ்நீர் ஈடுகொடுக்கும். எட்டு முறை என்றால் ஒரு பழுது தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு லட்டு தின்பதைவிட, ஒரு லட்டைப் பிட்டுப் பிட்டு நாள் முழுக்கத் தின்பது மோசம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். பதினொரு மணிப் பூஸ்ட்டின் சர்க்கரை விடியும் வரை பல்லிடுக்கில் தங்குகிறது. கழுவ ஆள் இல்லை. காலை, இரவு இரண்டில் ஒன்றைத்தான் பிள்ளையால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் நான் இரவைத்தான் கேட்பேன்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறார்களே, குச்சியே போதாதா?

இந்தப் பழமொழியை இந்த ஊரில் கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பழமொழியில் வரும் வேல் முருகன் கையில் இருப்பது இல்லை, கருவேல மரம். வேலூர் என்ற பெயருக்கே வேல மரங்கள்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி எதையும் நான் குறை சொல்லமாட்டேன். துவர்ப்பும் கசப்பும் ஈறுக்கு இதம். குச்சியை மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும், அதுவும் நல்லது. குறை இரண்டு. முன்பற்களை அழகாகத் தேய்க்கும் குச்சி, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்கு ஒழுங்காகப் போய்ச்சேராது. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எனாமலை உறுதியாக்க பேஸ்ட்டில் சேர்க்கும் ஃப்ளூரைடு குச்சியில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது தாத்தாவோடு வரப்பில் உட்கார்ந்து குச்சி மெல்லட்டும். மற்ற நாட்களுக்குப் பிரஷ்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் மிஸ்வாக் குச்சி பற்றிக் கேட்பார்கள். அதற்கும் இதே பதில்: ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் மிஸ்வாக் செய்யும் பிள்ளையின் முன்பற்களும் ஈறும் பார்க்கவே நன்றாக இருக்கும், கடைவாய்க்குப் பிரஷ்ஷும் தேவைப்படும். ரமலான் மாதத்தில் சஹர் உணவு முடித்து, நோன்பு தொடங்கும் முன் ஒருமுறை பேஸ்ட் வைத்து விளக்கிவிடலாம். இரவுத் தொழுகை முடிந்து வந்த பிறகு இன்னொரு முறை. நோன்பு நேரத்தில் பேஸ்ட் கூடுமா என்பதை உங்கள் இமாமிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

எந்த பேஸ்ட், எந்த பிரஷ், எப்படி விளக்குவது?

ஃப்ளூரைடு இருக்கிற எந்த பேஸ்ட்டும் சரி. டியூபின் மேல் அதன் அளவு சுமார் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று அச்சிட்டிருக்கும். விலை கூடினால் சொத்தை குறையாது. பிரஷ் மென்மையானதாக, தலைப்பகுதி சிறியதாக இருக்கட்டும். மூன்று மாதத்தில் மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. ஒரு மாதத்திலேயே நார் விரிகிறது என்றால் பிள்ளை பல்லை விளக்கவில்லை, பாத்திரம் தேய்க்கிறான் என்று பொருள்.

பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக. வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு. இரண்டு நிமிடம். கடைசியில் நாக்கு.

துப்பிவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டால் ஃப்ளூரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். "வாய் கொப்பளிக்காமலா?" என்று அதிர்ச்சியாகிறவர்கள் அதிகம். நுரையை நன்றாகத் துப்பினால் போதும், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். வெயில் காலத்தில் எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு இது வசதியும்கூட.

உப்பு, கரி, செங்கல் தூள் வைத்துத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்கிறார்கள். மகள் யூடியூப் பார்த்து எலுமிச்சையும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்க்கிறாள்.

வெளுத்த மாதிரிதான் தெரியும். முதல் சில நாள் மேல் கறை போய்ப் பளிச்சென்றிருக்கும். அதன் பிறகு தேய்வது எனாமல். எனாமலை உடல் மறுபடி வளர்க்காது, போனால் போனதுதான். அடியில் இருக்கும் அடுக்கு இயற்கையாகவே மஞ்சள் நிறம். ஆகவே தேய்க்கத் தேய்க்கப் பல் மஞ்சளாகும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசும். எலுமிச்சையில் அமிலம் வேறு. உங்கள் மகள் இரண்டையும் கலந்து தன் பல்லுக்கு உப்புத்தாள் போடுகிறாள்.

நிலைத்த பல் பாற்பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பது இயல்பு என்பதை அவளிடம் சொல்லுங்கள். பால் வெள்ளையாகத் தெரியும் பற்கள் பெரும்பாலும் கேமராவின் கைவண்ணம்.

பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது என்று சொல்லி விளக்குவதையே நிறுத்திவிட்டாள். சரிதானா?

நேர்மாறாகச் செய்கிறாள். விளக்காததால்தான் ரத்தம்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதை நிறுத்தினார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல் ஆகிச் சரியாகிவிட்டது. ஈறு வீக்கத்துக்கு உடல் சூடு, வைட்டமின் குறைவு என்று காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு பேர் தங்கள் வாயாலேயே பதில் சொன்னார்கள்.

பருவமடையும் வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு கொஞ்சம் அழுக்கைக்கூடத் தாங்காது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் சிலருக்கு இன்னும் கூடுதல். மென்மையான பிரஷ்ஷால், ரத்தம் வருகிற இடத்திலேயே, பொறுமையாக விளக்கட்டும். பத்து நாளில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படிந்த அழுக்கு காரையாக இறுகியிருக்கும். அதைப் பிரஷ் எடுக்காது, நாங்கள்தான் எடுக்க வேண்டும். காரை இல்லாமலும் ரத்தம் நிற்கவில்லை, உடம்பில் கன்றிய தடங்களும் சோர்வும் இருக்கின்றன என்றால் தாமதிக்காமல் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காரை எடுத்தால் பல் ஆடுமாம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாம். உண்மையா?

இரண்டும் பொய். காரை எடுத்த பின் பல்லிடுக்கு வெறிச்சென்று தெரியும், நாக்குக்கு அது புதிது, அவ்வளவுதான். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கண் பயத்தால் அழுகிய பல்லை வருடக்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டு சீழ் கட்டி, கண் வரை கன்னம் வீங்கி வருகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பிரியாணி, மக்கன் பேடா, பன்னீர் சோடா எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

ஆம்பூரை வைத்துக்கொண்டு பிரியாணி தின்னாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தேவையும் இல்லை, பிரியாணியால் சொத்தை வருவதாக நான் நினைக்கவில்லை. பிரியாணிக்குப் பிறகு நடப்பதுதான் பிரச்சினை. கறி நார் பல்லிடுக்கில் மாட்டும், உடனே சட்டையிலிருந்து ஊக்கு வெளியே வரும். ஊக்கு, தீக்குச்சி, பேனா மூடி என்று எதையாவது விட்டுக் குத்தி ஈறைக் கிழித்துக்கொள்கிறார்கள். பல்லிடுக்கு நூல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. இந்த வயதில் கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் கை பழகிவிடும். கல்யாண வீட்டில் கைகழுவும் இடத்தில் நின்று நூல் விடுவதைக் கேலி செய்வார்களே என்று ஒரு பையன் கேட்டான். வீட்டுக்கு வந்து இரவில் விட்டால் போதும், அப்பனே.

ஆற்காட்டு மக்கன் பேடா பாகிலேயே ஊறிக் கிடப்பது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடட்டும். டப்பாவைப் படிக்கிற மேஜையில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒன்றாக எடுக்கக் கூடாது. பல்லில் ஒட்டும் பொருட்களில் பெற்றோர் சந்தேகப்படாதவை பிஸ்கட்டும் உருளைக்கிழங்குச் சிப்ஸும். மாவு பள்ளத்தில் அப்பிக்கொண்டு கரையவே நேரம் எடுக்கும்.

பன்னீர் சோடா, குளிர்பானங்கள், எலுமிச்சைச் சாறு: இவற்றில் சர்க்கரையோடு அமிலமும் உண்டு. மே மாத வேலூர் வெயிலில் ஒன்றுமே குடிக்காதே என்றால் நடக்காது. ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். பாட்டிலை மடியில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்ச வேண்டாம். குடித்த உடனே பல் விளக்கவும் கூடாது. அமிலத்தில் ஊறி இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். அரைமணி கழியட்டும். மோருக்கும் இளநீருக்கும் இந்தக் கண்டிப்பெல்லாம் இல்லை, வெயிலில் முதலில் அவற்றைக் கொடுங்கள்.

மகன் வாய் நாறுகிறது. எப்படிச் சொல்வது?

தனியாக, ஒரே ஒரு முறை. தங்கை முன்னால் சொன்னால் அதையே அவள் பட்டப்பெயராக்கிவிடுவாள், பிறகு அவன் உங்களிடம் வாயே திறக்கமாட்டான்.

பெரும்பாலும் காரணம் நாக்கின் பின்பகுதியில் படிந்த வெள்ளைப் படலமும் பல்லிடுக்கு அழுக்கும்தான். நாக்கு வழிப்பானை மெதுவாக உபயோகிக்கட்டும். காலையில் தெருவே கேட்கும்படி ஓங்கரித்து வழிக்க வேண்டியதில்லை. மதியம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வாயால் மூச்சு விட்டாலும், தொண்டைச் சதையில் அழுக்கு தங்கினாலும் நாற்றம் வரும். வாய் கொப்பளிக்கும் வாசனைத் திரவம் ஒரு மணி நேரத்துக்கு மூடி மறைக்கும், அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துத் திரவத்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் உபயோகித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

பிள்ளையின் முன்பல்லில் முளைத்ததிலிருந்தே பழுப்புக் கோடுகள். எவ்வளவு விளக்கியும் போகவில்லை.

போகாது. இது அழுக்கில்லை, பிள்ளையின் சோம்பலும் இல்லை. இதற்காக அவனைத் திட்டியிருந்தால் ஒரு வார்த்தை சமாதானமாகப் பேசிவிடுங்கள்.

குடிநீரில் ஃப்ளூரைடு அதிகமாக இருந்தால், எட்டு வயதுக்குள், பல் தாடைக்குள்ளே உருவாகும்போதே இந்தத் தடம் விழுந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் இது பழைய தொல்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் என்னும் இந்தப் பாதிப்பைக் குறைப்பதையும் சேர்த்தார்கள். திருப்பத்தூர் அந்தப் பக்கத்து மாவட்டம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்றி அளவு இன்னும் கூடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனை முக்கியம்.

அப்படியானால் ஃப்ளூரைடு பேஸ்ட் கூடாதா என்ற கேள்வி அடுத்து வரும். துப்பத் தெரிந்த வயதில் தாராளமாக உபயோகிக்கலாம். பதினைந்து வயதில் முன்பற்கள் உருவாகி முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, புதிதாகக் கோடு விழாது. கோட்டை மங்கவைக்கவும் மறைக்கவும் சிகிச்சைகள் உண்டு; அவன் கூச்சப்பட்டுக் கையால் வாயை மூடிச் சிரிக்கிறான் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

மகன் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா கிடைத்தது. கூல் லிப் என்கிறார்கள். என்ன அது?

புகையிலை. தேயிலைப் பை மாதிரிச் சிறு பையாக்கி உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைப்பது. புகை இல்லை, எச்சில் துப்ப வேண்டியதில்லை, புதினா வாசம். வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்தும்போதே வாயில் இருக்கும். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வளவு பரவுகிறது.

உங்கள் முதல் கோபத்தை விழுங்கிக்கொண்டு கீழ் உதட்டை இழுத்துப் பாருங்கள். பை வைக்கும் இடத்தில் தோல் சுருங்கி வெளுத்திருக்கும், அந்த இடத்தில் ஈறு கீழே இறங்கியிருக்கும். பாக்கு கலந்த பொட்டலங்களையும் மெல்லுகிறான் என்றால் இன்னொரு சோதனை: வாயை முழுக்கத் திறந்து அவனுடைய மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால், அன்றைக்கே பல் மருத்துவரிடம் வாருங்கள். பாக்கு வாயின் உட்தோலை நாராக இறுக்கிவிடும். இறுகியது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, பின்னாளில் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. மெல்லுவதை நிறுத்தினால் அது மேலும் இறுகுவதையாவது தடுக்கலாம்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-இல் தடை வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது, கல்வி நிறுவனங்களிலிருந்து நூறு கெஜ தூரத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெட்டிக்கடைக்காரரோடு சண்டை போடும் ஆவேசம் எனக்கும் வருகிறது. ஆனால் முதல் வேலை பையனோடு. நிக்கோட்டின் பிடித்துவிட்டால் "நாளையிலிருந்து விடு" என்றால் அவனால் விட முடியாது. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். பொய் சொல்வான். அந்தப் பொய்யைச் சொல்லவைப்பது நிக்கோட்டின். 1800112356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கொடுக்கிறார்கள். வீட்டில் தாத்தா புகையிலை போடுகிறவராக இருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து விடுவதாகப் பந்தயம் கட்டுங்கள். பேரனுக்காக விட்ட தாத்தா ஒருவரை எனக்குத் தெரியும்.

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்கிறார்கள். கம்பி கட்ட வேண்டுமா?

அதிர்ஷ்டமோ என்னவோ, தெத்துப்பல்லின் முடுக்கில் அழுக்கு தங்குவது நிச்சயம். அழகுக்குக் கட்டுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது பிள்ளை. சுத்தம் செய்யவே முடியாத அளவுக்குப் பல் அடுக்கிக்கிடந்தால் நாங்களே சொல்வோம்.

கட்டிய பிறகுதான் வேலை அதிகம். கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கிக் கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைச் சதுரங்கள் தெரிவது எங்களுக்கே அவமானமாக இருக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பிரஷ், கம்பியின் அடியில் நுழைய அதற்கென்று உள்ள குட்டி பிரஷ். கரும்பைக் கடிக்காமல் துண்டு போட்டுத் தின்னலாம். கடலை மிட்டாயைக் கொஞ்ச நாள் மறக்கட்டும்.

பன்னிரண்டு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல் எல்லாம் விழுந்து முளைக்குமா?

விழாது. இரண்டு பக்கமும் ஆறு வயதில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று முளைக்கும். இரண்டும் சாகும்வரை இருக்க வேண்டியவை. பாற்பல் என்று நினைத்து ஆறு வயதுப் பல்லைக் கோட்டைவிட்ட பெற்றோர் ஏராளம். பன்னிரண்டு வயதுப் பல்லையாவது பிடித்துக்கொள்ளுங்கள்: முளைத்த உடனே வந்தால் அதன் பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துவிடலாம். ஊசி, குடைச்சல் எதுவும் கிடையாது. ஞானப்பல் பதினேழு வயதுக்கு மேல்.

நள்ளிரவில் பல்வலி. காலையில் பொதுத்தேர்வு. என்ன செய்வது?

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். பல்லிடுக்கில் மாட்டியதை நூலால் எடுங்கள். முன்பு ஒவ்வாமை எதுவும் இல்லையென்றால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால். தலையணையை உயர்த்திப் படுக்கவைத்தால் துடிப்பு கொஞ்சம் அடங்கும். பல்லின் மேல் ஆஸ்பிரின் மாத்திரையை ஒதுக்கிவைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். புகையிலையை வைக்கவே வேண்டாம். வலிக்கு வைத்த புகையிலை பழக்கமான கதைகள் இந்த ஊரில் உண்டு. வீங்கிய கன்னத்துக்குச் சூடான ஒத்தடமும் கூடாது.

தேர்வு முடிந்த கையோடு வாருங்கள். வலி நின்றுவிட்டது என்று விடுமுறைக்குத் தள்ளிப்போட வேண்டாம்; சில சமயம் உள்ளே நரம்பு செத்துப்போவதால்தான் வலி நிற்கிறது. பணம் பற்றித் தயங்குகிறவர்களுக்கு அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் சிறார் நலத் திட்டக் குழு பல்லையும் பார்க்கும். அவர்கள் சீட்டு எழுதிக்கொடுத்தால் புத்தகப் பையின் அடியில் மக்கவிடாதீர்கள். கன்னத்தோடு கழுத்தும் வீங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், தேர்வாவது ஒன்றாவது, உடனே மருத்துவமனை.

கபடி ஆடும்போது முன்பல் முழுதாக விழுந்துவிட்டது. எறிந்துவிடுவதா?

எடுங்கள். வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சில நொடி தண்ணீரில் அலசுங்கள், தேய்க்காதீர்கள். விழுந்தது நிலைத்த பல் என்றால், பிள்ளை நிதானமாக இருந்தால், வந்த குழியிலேயே மெதுவாக வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லலாம். பயமாக இருந்தால் பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் ஆறிய பால் வாங்கி அதில் போட்டு எடுத்துவாருங்கள். சர்க்கரை போடாத பால். அரைமணிக்குள் வந்தால் நல்லது, ஒரு மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாட்ச் முடியும் வரை இருந்து, சாயங்காலம் வந்த பையனுக்கு என்னால் பல்லை ஒட்டவைக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் டாக்டர் என்று அந்த இடைவெளியோடு சிரித்தான்.